ஹெட்போனும் லினக்ஸும், அம்மாவின் கேசட்டும்

நான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால் வீட்டில் யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டுப் பிரயோஜனம் இல்லை என்று மனைவிக்குத் தெரியும். காபி டம்ளரை மேஜையில் ‘டொக்’கென்று வைப்பாள். அந்த அதிர்வில் திரும்புவேன்.

போன வாரம் காலை நடையில் ஒரு நண்பர், “லினக்ஸ் கம்ப்யூட்டர்ல பாட்டு நல்லா கேக்குமா சார்? சத்தமே வராதுன்னு சொல்றாங்களே” என்று கேட்டார். கேட்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தப் பதில் எவ்வளவு சின்னது என்று தோன்றியது. லினக்ஸில் சத்தம் ஒழுங்காக வர 30 வருஷம் ஆயிற்று. அந்த 30 வருஷத்தில் ஒரு பங்கு என் சொந்தக் கணக்கிலும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஹெட்போன். தொலைபேசித் துறையில் குப்பை கொட்டியவன் என்பதால் எனக்கு இது வேலைச் சாமான். டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் அம்மாக்கள் ஒரு காதில் மாட்டியிருந்ததும் இதன் அண்ணன்தான். இரண்டு காதுக்கும் தலைப்பட்டை போட்டு இன்றைய உருவத்தில் செய்தவர் நதானியேல் பால்ட்வின் என்ற அமெரிக்கர். யூட்டா மாநிலத்துக்காரர். 1910இல் தன் வீட்டுச் சமையலறையில் செய்து அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். கம்பியில்லாத் தந்தி கேட்பவர்களுக்கு அது வரப்பிரசாதம். பாட்டுக் கேட்க என்று யாரும் அப்போது நினைக்கவில்லை. 1937இல் பெர்லினில் பேயர் கம்பெனியின் டிடி 48 வந்தது. 1958இல் மில்வாக்கி ஊரில் ஜான் காஸ் ஸ்டீரியோ ஹெட்போன் செய்தார். அவர் விற்க நினைத்தது கையில் தூக்கிப் போகிற ரெக்கார்டு பிளேயரை. கூட வைத்த ஹெட்போன்தான் பிடித்துக்கொண்டது. பிறகு 1979இல் வாக்மேன். அதற்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும்.

இனி லினக்ஸ். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை வெளியிட்டது 1991. மறு வருஷமே இன்னொரு பின்லாந்துக்காரர், ஹன்னு சவொலைனன், சவுண்ட் பிளாஸ்டர் கார்டுக்கு டிரைவர் எழுதினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஓஎஸ்எஸ், அதாவது ஓப்பன் சவுண்ட் சிஸ்டம். அந்தக் காலத்தில் சவுண்ட் கார்டு வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சின்னப் பதிவு சுற்றிக்கொண்டிருந்தது. லினஸே தன் பெயரைச் சொல்லி, லினக்ஸ் என்பதைத் தான் எப்படி உச்சரிக்கிறேன் என்று சொல்லும் சில நொடிப் பதிவு. யுனிக்ஸ் மரபில் எல்லாமே கோப்பு. ஒலிக் கருவிக்கும் கோப்பு மாதிரி ஒரு பெயர் இருக்கும். பதிவை எடுத்து அந்தப் பெயருக்குள் கொட்டினால் போதும், ஸ்பீக்கரில் ஆள் பேசுவார். எவ்வளவு நேர்த்தி!

ஆனால் அந்த நேர்த்தியில் ஒரு வம்பும் இருந்தது. ஒரு நிரல் அந்தக் கருவியைத் திறந்துவிட்டால் இன்னொன்று வாசலில் நிற்க வேண்டியதுதான். பாட்டு ஓடும்போது மெயில் வந்தால் மணி அடிக்காது. மணி முதலில் அடித்துவிட்டால் பாட்டு வராது. எங்கள் பார்ட்டி லைன் டெலிபோன் கதைதான். ஒரே கம்பியில் நாலு வீடு. ஒருவர் எடுத்துவிட்டால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். இதற்கு நடுவர் வைக்கலாம் என்று ஆளுக்கொரு ‘சவுண்ட் சர்வர்’ எழுதினார்கள். க்னோம் பக்கத்துக்கு ஈஎஸ்டி, கேடிஈ பக்கத்துக்கு ஆர்ட்ஸ். இரண்டு நடுவர்கள் ஒரே வீட்டில் இருந்தால் என்ன ஆகும்? நடுவர்களே சண்டை போட்டார்கள்.

இதற்கிடையில் ஓஎஸ்எஸ்ஸின் வளர்ச்சி ஒரு வணிக நிறுவனத்தின் கைக்குப் போனது. இலவசமாகக் கிடைத்தது பழையதாகவே நின்றது. செக் நாட்டு இளைஞர் யாரோஸ்லாவ் கைசெலா, தன் கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் கார்டுக்காக எழுத ஆரம்பித்த டிரைவரிலிருந்து 1998இல் ஆல்சா பிறந்தது. 2002இல் கெர்னலுக்குள் சேர்ந்து, 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலில் அதுவே முறையான ஒலி அமைப்பாக ஆகிவிட்டது.

நான் லினக்ஸுக்குள் காலெடுத்து வைத்தது அதற்கு அடுத்த வருஷம். பத்திரிகையோடு இலவசமாகக் கொடுத்த சிடி. போட்டேன், எல்லாம் வந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. கார்டு கெட்டுவிட்டது என்று கழற்றித் துடைத்தேன். ஸ்பீக்கர் கம்பியை மாற்றினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. விஷயம் என்னவென்றால், ஆல்சா ஏறும்போது எல்லா வழிகளையும் ஊமையாக்கியே வைக்கும். திடீரென்று அலறி யாருடைய காதையும் ஸ்பீக்கரையும் கெடுத்துவிடக் கூடாது என்ற முன்ஜாக்கிரதை. ஆல்சாமிக்ஸர் என்ற கறுப்புத் திரையில் ஒவ்வொரு தூணின் கீழும் ‘எம்எம்’ என்று நின்றுகொண்டிருக்கும். அங்கே போய் எம் என்ற விசையை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அவ்வளவுதான். ‘லினக்ஸில் சத்தமே வராது’ என்று ஊரெல்லாம் பேசினார்களே, அதில் பாதி இந்த ஒரு விசை!

அடுத்த வம்பு கொஞ்சம் நுணுக்கமானது. பொறுமை இல்லாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். சிடியில் ஒலியை நொடிக்கு 44,100 தடவை அளந்து வைக்கிறார்கள். ஏன் இந்த விசித்திரமான எண்? சிடிக்கு முன்பு டிஜிட்டல் ஒலியை வீடியோ டேப்பில்தான் பதிந்தார்கள். ஒரு வரிக்கு 3 அளவுகள், 245 வரிகள், நொடிக்கு 60 புலங்கள். பெருக்கிப் பாருங்கள், 44,100 வரும். நம் ஊர் டிவி முறையில் 294 வரி, 50 புலம், அதே 44,100. ஆனால் 1997க்குப் பிறகு கம்ப்யூட்டர்களில் பரவிய ஏசி 97 முறைச் சில்லுகள் பெரும்பாலும் 48,000 என்ற ஒரே வேகத்தில்தான் ஓடின. ஆக, சிடிப் பாட்டைப் போட்டால் 147 அளவுகளை 160 ஆக மாற்றிக் கணக்குப் போட வேண்டும். இந்தக் கணக்கை நன்றாகப் போட்டால் காதுக்கு வித்தியாசம் தெரியாது. அவசரமாகப் போட்டால் மேல் ஸ்தாயியில் ஜாலராவும் வயலினும் கண்ணாடித் தூள் தூவிய மாதிரி இருக்கும். ஆல்சாவில் உள்ளேயே இருந்த கணக்கு, இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நேர்கோடு போடுகிற எளிய வகை. பிராசஸருக்குப் பாரம் ஏறக் கூடாது என்பதற்காக. ஹெட்போன் ரசிகர்கள் அன்றைக்கு ஆரம்பித்த புலம்பல் இன்னும் ஓயவில்லை.

2004இல் ஜெர்மனிக்காரர் லெனார்ட் பொட்டரிங் ஒரு புதிய நடுவரை எழுதத் தொடங்கினார். முதலில் போலிப்ஆடியோ, 2006இல் பெயர் மாறிப் பல்ஸ்ஆடியோ. 2007 நவம்பரில் பெடோரா 8, 2008 ஏப்ரலில் உபுண்டு 8.04 இரண்டும் அதையே வழக்கமான அமைப்பாக வைத்தன. வந்த வசவுகளைக் கேட்டிருக்க வேண்டுமே! பாட்டு விக்கியது, சினிமாவில் உதடு ஒரு பக்கம் குரல் ஒரு பக்கம். என் அபிப்பிராயம், திட்டு வாங்கிய அளவுக்கு அது குற்றவாளி இல்லை. கார்டு இப்போது எந்த இடத்தை வாசிக்கிறது என்று டிரைவர் சரியாகச் சொல்லும் என்று நம்பி எழுதப்பட்டது அது. பல டிரைவர்கள் வருஷக்கணக்காகத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தன. அதுவரை யாரும் கேட்டதில்லை, அதனால் அகப்படவில்லை. ஒரு நிரலுக்கு ஒரு வால்யூம், பாட்டு ஓடும்போதே யுஎஸ்பி ஹெட்போனுக்கு மாற்றுவது எல்லாம் அதனால்தான் சாதாரணமாயிற்று. இசைக் கலைஞர்களுக்குத் தனியாக ஜாக் என்று ஒன்று இருந்தது. எழுதிய பால் டேவிஸ், அமேசான் கம்பெனியின் ஆரம்பகால புரோகிராமர்களில் ஒருவர். அது நமக்கு வேண்டாத ஊர்.

இப்போது என் கதை. 1986இல் ஒன்றுவிட்ட தங்கையின் கல்யாணத்துக்கு முன்னால், நலங்குப் பாட்டுகளை மறந்துவிடக் கூடாது என்று அம்மாவைப் பாட வைத்து ஒரு கேசட்டில் பதிந்தோம். ‘ஏ’ பக்கம் பாட்டு. ‘பி’ பக்கத்தில் அம்மா சும்மா பேசினாள்: தாத்தா நிலம் விற்றது, வெள்ளத்தில் மாட்டை அவிழ்த்துவிட்டது, இப்படி. மூன்று வருஷத்தில் அப்பா போனார். 1993இல் அம்மா. அவர்கள் இருவர் காலத்துக்கும் எங்கள் வீட்டில் மிஞ்சிய ஒரே ஒலி அந்த 60 நிமிஷக் கேசட்.

2008இல் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற உட்கார்ந்தேன். டூ-இன்-ஒன்னின் இயர்போன் ஓட்டையிலிருந்து ஒரு ஒயர். அது போக வேண்டிய இடம் கம்ப்யூட்டரின் பின்பக்கத்து நீலத் துளை, லைன்-இன். மேஜை சுவரோடு ஒட்டியிருந்தது, இழுக்கச் சோம்பல். முன்பக்கத்தில் கைக்கு எட்டியபடி இளஞ்சிவப்பு மைக் துளை இருந்தது. அதில் செருகினேன். மிக்ஸரில் ‘மைக் பூஸ்ட்’ 20 டெசிபல் என்று நின்றதைக் கவனிக்கவில்லை. மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட். லைன் என்றால் கால் வோல்ட்டுக்கு மேலே. 20 டெசிபல் என்றால் அதை இன்னும் பத்து மடங்கு ஆக்குவது. 35 வருஷம் டெசிபல் மீட்டரோடு வாழ்ந்தவன் செய்கிற காரியமா இது? ஸ்பீக்கரில் சின்னதாக வைத்துக் கேட்டேன், அம்மா குரல் வந்தது, கண் கலங்கியது, போதும் என்று சிடி போட்டு மதுரையில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பிவிட்டேன். கேசட்டைப் பரணில் போட்டேன். அதுதான் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டதே!

அக்கா போனில், “என்னடா இது, அம்மாவுக்கு ஜலதோஷமா? தொண்டை கரகரங்குது” என்றாள். பழைய டேப் அக்கா, அப்படித்தான் இருக்கும் என்றேன். பல்ஸ்ஆடியோ மேல் பழியைப் போட்டேன். 44,100 கணக்கின் மேல் போட்டேன். கெர்னலைக்கூட மாற்றிப் பார்த்தேன். நல்ல ஹெட்போன் இருந்தால் சரியாகும் என்று 300 ஓம் ஹெட்போன் ஒன்று வாங்கினேன். மதர்போர்டின் துளையில் அதற்குப் போதுமான வோல்ட் வராது. பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. வால்யூம் ஸ்லைடரை நூறுக்கு மேலே 150 வரை தள்ளினேன். நூறுக்கு மேலே போனால் அது வெறும் எண்களைப் பெருக்குவது, உச்சிகள் முட்டி நசுங்கும். கரகரப்பு இன்னும் கூடியதுதான் மிச்சம்.

ஒருநாள் ஆடாசிட்டியில் அந்தப் பதிவைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். அலைகளின் தலையெல்லாம் ஒரே மட்டத்தில் வெட்டியிருந்தது. மொட்டையடித்த மாதிரி. 16 பிட்டில் உச்ச எண் 32,767. அதற்கு மேலே போன அம்மாவின் குரல் எங்கேயும் எழுதப்படவில்லை. லினக்ஸ் ஒரு தப்பும் செய்யவில்லை. நான் கொடுத்ததை அப்படியே வைத்திருந்தது. பரணுக்கு ஏறினேன். இரண்டு மழைக்காலம் அங்கே ஒழுகியிருந்தது. கேசட்டின் ஜன்னல் வழியே வெள்ளைப் பூஞ்சை தெரிந்தது. துடைத்துப் போட்டதில் நாலாவது நிமிஷத்தில் சிக்கி அறுந்தது. அக்காவிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அதற்கப்புறம் வந்த நல்ல விஷயங்கள் எல்லாம் எனக்குக் கொஞ்சம் குத்தலாகவே இருந்தன. யுஎஸ்பி டாக் என்கிற சின்னப் பெட்டிகள் மலிந்தன. கம்ப்யூட்டருக்குள் இருக்கிற மின் இரைச்சலை விட்டு ஒலியை வெளியே கொண்டுவந்து, ஹெட்போனுக்கு வேண்டிய வோல்ட்டைக் கொடுப்பவை. இவற்றின் இரண்டாம் தலைமுறைத் தரத்தை லினக்ஸ் முன்னாலேயே புரிந்துகொண்டது. விண்டோஸில் தனி டிரைவர் போடாமல் அது ஓடியது 2017இல்தான். ‘லினக்ஸில் சத்தம் வராது’ என்பவர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். புளூடூத்தும் வந்தது. பாட்டு நன்றாகவே இருக்கும். ஆனால் மைக்கைத் திறந்த உடனே தரம் டிரங்க் கால் மாதிரி ஆகிவிடும். 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை, எனக்குப் பழகிய உலகம்தான்.

கடைசியாகப் பைப்வயர். எழுதியவர் பெல்ஜியத்துக்காரர் விம் டெய்மன்ஸ். வீடியோவை நிரல்களுக்குள் பங்கிடத் தொடங்கிய வேலை அது. பிறகு ஒலியையும் எடுத்துக்கொண்டு, பல்ஸ்ஆடியோவின் இடத்திலும் ஜாக்கின் இடத்திலும் தானே உட்கார்ந்தது. 2021இல் பெடோரா 34 அதற்கு மாறியது. 2023 நவம்பரில் 1.0 வந்தது. நடுவர்கள் சண்டை ஏறக்குறைய முடிந்தது. பழைய நிரல்களுக்கு நடுவர் மாறியதே தெரியாது. சிடிப் பாட்டை 44,100 வேகத்திலேயே மாற்றாமல் அனுப்ப வேண்டுமானால், அமைப்புக் கோப்பில் அனுமதித்த வேகங்கள் என்ற வரியில் 48,000 மட்டும் இருக்கும். பக்கத்தில் 44,100ஐயும் சேர்த்தால் போதும். நான் சேர்த்திருக்கிறேன். வித்தியாசம் தெரிகிறதா என்றால், இல்லை. எழுபதைத் தாண்டிய காது இது, மேல் ஸ்தாயி போய் நாளாயிற்று. பைப்வயரின் கணக்கும் நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் டாக்கின் முகத்தில் 44.1 என்று விளக்கு எரிவதைப் பார்க்க ஒரு திருப்தி.

2022இல் அக்கா வீட்டில் வெள்ளையடித்தபோது டிரங்குப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு கேசட் கிடைத்தது. 1987இல் நானே அவளுக்கு நகல் எடுத்துக் கொடுத்தது, எனக்கு மறந்தே போயிருந்தது. ‘ஏ’ பக்கம் மட்டும். ‘பி’ பக்கத்தில் அவள் மகன் ரேடியோவிலிருந்து சினிமாப் பாட்டைப் பதிந்திருந்தான்.

இந்தத் தடவை அவசரப்படவில்லை. பழைய டெக் ஒன்றைத் தேடி வாங்கி, ஸ்பிரிட்டால் ஹெட்டைத் துடைத்தேன். ஹெட்டின் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். டேப்புக்கும் ஹெட்டுக்கும் கோணம் சரியாக, ஹெட்போனில் கேட்டுக்கொண்டே அதைத் திருப்ப வேண்டும். கால் திருப்பில் அம்மாவின் ‘ச’ எழுத்து தெளிந்தது. உடனே கையை எடுத்துவிட்டேன். லைன்-இன் உள்ள யுஎஸ்பி பெட்டி, 24 பிட், உச்சி 12 டெசிபல் கீழேயே நிற்கும்படி வைத்தேன். 24 பிட்டில் தாராளமாக இடம் இருக்கிறது, சின்னதாகப் பதிந்தாலும் நஷ்டம் இல்லை. முடித்ததும் ஃபிளாக் வடிவில் நாலு இடத்தில் சேமித்தேன். 2001இல் ஜோஷ் கோல்சன் உருவாக்கிய அந்த வடிவம் ஓர் எண்ணைக்கூட விழுங்காது.

கேட்டேன். ஜலதோஷம் இல்லை. பாட்டுக்கு நடுவே அம்மா மூச்சு எடுப்பது கேட்டது. ஒரு வரியை மறந்து, சிரித்து, மறுபடி பிடிப்பது கேட்டது. ஏழாவது நிமிஷத்தில் மட்டும் ‘கொக், கொக்’ என்று தூரத்தில் ஒரு சத்தம், இரண்டு தடவை. டேப் மடிந்த இடம் என்று குறித்துக்கொண்டு, பிறகு வெட்டிவிடலாம் என்று வைத்திருந்தேன். ‘பி’ பக்கம் இன்றைக்கும் என்னிடம் அந்த மொட்டைத் தலைப் பதிவாகத்தான் இருக்கிறது. மாட்டை அவிழ்த்துவிட்ட கதையில் முக்கால்வாசி புரியும்.

போன தை மாதம் அக்கா வந்திருந்தாள். முதலில் பரண் கதையைச் சொன்னேன். ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டாள். பிறகு 300 ஓம் ஹெட்போனை அவள் தலையில் மாட்டி, வால்யூமைப் பாதியில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டாள். ஏழாவது நிமிஷம் வரும்போது நான் சைகை காட்டி, இந்த இடத்தில் மட்டும் ஒரு கோளாறு, எடுத்துவிடுவேன் என்றேன். அவள் ஒரு பக்கத்து ஹெட்போனைக் காதிலிருந்து நகர்த்தினாள்.

“எதை எடுப்பே? அப்பா இருமுறார்டா அது. திண்ணையில உக்காந்துண்டு. அம்மா பாடினா உள்ளே வர மாட்டார், அங்கேயேதான் இருப்பார்.”

மறுபடி மாட்டிக்கொண்டு, முதலிலிருந்து போடு என்று கையால் சொன்னாள்.